குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு: உதவி யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது?

மலேசியாவில் தனியார் துறையில் வேலை செய்யும் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 98 நாள். 2023 ஜனவரி 1-க்கு முன் அது 60 நாளாகத்தான் இருந்தது. கூடுதலாகக் கிடைத்த நாள்கள் நல்ல விஷயம்தான். ஆனால் 99-ஆவது நாள் காலையில் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது?

கிளேபாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது கடற்கரையும் தேங்காய் ஷேக்கும். அங்கே குடியிருப்பவர்களுக்கு, ஒரு பக்கம் தஞ்சோங் கிளிங், இன்னொரு பக்கம் பத்து பெரண்டாம் என்று இரண்டு தொழிற்பேட்டைகளுக்கும் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஊர். மலாக்கா டவுனில் கடை, ஹோட்டல், மருத்துவமனை வேலை. கணவன் மனைவி இரண்டு பேரும் சம்பாதித்தால்தான் வீட்டுக் கடனும் கார் கடனும் கட்ட முடியும் என்ற நிலையில் இருக்கும் இளம் குடும்பங்கள் இங்கே நிறைய. குழந்தை பிறந்ததும் வீட்டில் ஒரு கணக்குப் போடுவார்கள்: "பிள்ளையைப் பார்த்துக்க இவ்வளவு, பெட்ரோல் இவ்வளவு, மிச்சம் என்ன நிக்குது? பேசாம வேலையை விட்டுடு." இது பெரும்பாலும் அம்மாவின் சம்பளத்தை மட்டும் வைத்துப் போடப்படும் கணக்கு. பிள்ளை இரண்டு பேருக்கும் பொது என்றால், செலவும் இரண்டு சம்பளத்துக்கும் பொதுதான். வேலையை விட்டால் மாதச் சம்பளத்தோடு ஊழியர் சேமநிதியும் நின்றுபோகும். 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி தரும் 13 விழுக்காடு அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

வேலையை விடும் முடிவுக்கு முன், எந்தெந்தக் கதவைத் தட்டலாம் என்று பார்த்துவிடுவோம்.

கட்டணம் ஏன் இவ்வளவு?

பலரும் தாஸ்காக்காரர்கள் கொள்ளை அடிக்கிறார்கள் என்று நினைக்கிறோம். சட்டத்தைப் படித்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும். பதிவு பெற்ற குழந்தைப் பராமரிப்பு மையத்தில், ஒரு வயதுக்குக் கீழ் இருக்கும் 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று வயது வரை 5 குழந்தைகளுக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை 10 பேருக்கு ஒருவர்.

இப்போது குறைந்தபட்ச சம்பளமான 1,700 வெள்ளியை மூன்றால் வகுத்துப் பாருங்கள். ஒரு கைக்குழந்தைக்கு ஏறக்குறைய 567 வெள்ளி, அந்தப் பராமரிப்பாளரின் சம்பளத்துக்கு மட்டுமே. வாடகை, மின்சாரம், சாப்பாடு, சேமநிதி, சொக்சோ எதுவும் இதில் சேரவில்லை. குழந்தைக்கு ஒரு வயது தாண்டினால் அதே கணக்கு 340 வெள்ளிக்கு இறங்கும். கைக்குழந்தைக்குக் கட்டணம் அதிகமாகவும், வளர வளரக் குறைவாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு பெண் ஒரே நேரத்தில் எத்தனை கைக்குழந்தைகளுக்குப் பால் புகட்டி, துடைத்து, தூங்க வைக்க முடியும் என்று யோசித்தால், மூன்றே அதிகம் என்று தோன்றும்.

முன்பு யார் காசு கொடுத்தார்கள்?

பாட்டியிடம் கேட்டால் ஆயாக் கொட்டகை பற்றிச் சொல்வார். விடியும் முன் பிரட்டுக்குப் போக வேண்டிய அம்மாக்கள், தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாவிடம் விட்டுவிட்டுப் பால் மரம் வெட்டப் போவார்கள். வரிசையாகத் தொட்டில்கள், ஒரு ஆயா, சில நேரம் துணைக்கு ஒரு பெரிய பிள்ளை. இன்றைய அளவுகோலில் அது நல்ல பராமரிப்பா என்றால், பல இடங்களில் இல்லை. அதை நினைத்து ஏங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கொட்டகையைக் கட்டி ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம்.

தாராள மனதால் மட்டும் அப்படிச் செய்யவில்லை. அம்மா மரம் வெட்டப் போகாவிட்டால் பால் இறங்காது. 1990-இல் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் தரச் சட்டம், அதாவது சட்டம் 446, தொழிலாளர் வீடுகளோடு சேர்த்துக் குழந்தைக் காப்பகத்தின் தரத்தையும் தன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. இந்தியாவில் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதைவிடத் தெளிவானது. 50 பெண் தொழிலாளர்களோ, பெண் தொழிலாளர்களின் 20 குழந்தைகளோ இருந்தால் காப்பகம் வைத்தே ஆக வேண்டும் என்றது. வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் காப்பகங்கள் வந்தது அந்த வழியில்தான்.

மலாக்காவில் தோட்டங்கள் விற்கப்பட்டன, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாக மாறின. குடும்பங்கள் டவுன் பக்கம் வந்தன. தோட்டத்தில் முதலாளி தலையில் இருந்த செலவு அப்போது சத்தமில்லாமல் குடும்பத்தின் தலைக்கு மாறியது. இன்று நாம் "உதவி" என்று சொல்வதெல்லாம் அந்தச் செலவில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கும் வழிகள்.

முதல் கேள்வி: பதிவு இருக்கா?

எந்த உதவியாக இருந்தாலும், பராமரிப்புக் கட்டணத்தை வைத்துக் கேட்பதாக இருந்தால், முதலில் வரும் கேள்வி இதுதான். 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம், சட்டம் 308, சொல்வது எளிது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட 4 குழந்தைகளை அல்லது அதற்கு மேல் கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொண்டால் அந்த இடம் சமூக நல இலாகாவில், நாம் ஜேகேஎம் என்று சொல்லும் இலாகாவில், பதிவு செய்யப்பட வேண்டும். வீட்டில் நடத்தினாலும் அப்படித்தான். வீட்டில் நடத்துவது பத்துக்கும் குறைவான குழந்தைகளுக்கு.

இங்கேதான் நம் ஆள்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கிளேபாங் மாதிரி இடத்தில் பெரும்பாலும் பிள்ளை போவது பக்கத்துத் தாமானில் இருக்கும் ஒரு ஆண்டியிடம். தமிழ் பேசுவார், ரசம் சாதம் ஊட்டுவார், ஷிப்ட் முடிந்து லேட்டாக வந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். அந்த ஆண்டி மூன்று குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொண்டால் அது சட்டப்படி குற்றமில்லை; பதிவும் தேவையில்லை. ஆனால் பதிவு இல்லாததால், நீங்கள் மாதா மாதம் கொடுக்கும் காசுக்கு எந்த வரிக் கழிவும் கிடையாது, கட்டண உதவித் தொகையும் கிடையாது. ஆண்டி ஐந்தாறு பிள்ளைகளைப் பதிவில்லாமல் பார்த்தால், அது சட்டத்தை மீறுவது. ஏதாவது நடந்துவிட்டால் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

பதிவு பெற்ற மையத்தில் ஜேகேஎம் சான்றிதழ் இருக்கும். போய்ப் பார்க்கும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன் அதைக் காட்டச் சொல்லுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்குப் பழகிய கேள்வி அது.

3,000 வெள்ளி வரிக் கழிவு: கைக்கு எவ்வளவு வரும்?

"தாஸ்கா பீஸ் கட்டினா கவர்மெண்ட் 3,000 வெள்ளி திருப்பித் தரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 6 வயது வரையுள்ள பிள்ளைக்குப் பதிவு பெற்ற பராமரிப்பு மையத்தில் அல்லது பாலர் பள்ளியில் கட்டிய கட்டணத்துக்கு, ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வரிக் கழிவு உண்டு. 2017-இல் இது 1,000 வெள்ளியாகத் தொடங்கியது, 2020-இல் கோவிட் காலச் சலுகையில் 3,000 ஆனது. கழிவு என்றால், வரி போடப்படும் வருமானத்திலிருந்து அந்தத் தொகையைக் கழிப்பார்கள். அவ்வளவுதான்.

மூன்று சம்பளங்களை வைத்துப் பார்க்கலாம். மற்ற கழிவுகளைத் தள்ளிவைத்து, தனிநபர் கழிவு 9,000, சேமநிதிக் கழிவு அதிகபட்சம் 4,000 என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மாதம் 6,000 வெள்ளி வாங்குபவருக்கு வரி போடப்படும் வருமானம் ஆண்டுக்கு 59,000. அவர் 11 விழுக்காட்டுப் படியில் இருக்கிறார். 3,000 வெள்ளிக் கழிவால் அவருக்கு மிச்சமாவது 330 வெள்ளி.

மாதம் 5,000 வாங்குபவருக்கு 47,000, அதாவது 6 விழுக்காட்டுப் படி. மிச்சம் 180 வெள்ளி. ஒரு ஆண்டு முழுக்கவும் சேர்த்து.

மாதம் 2,800 வாங்குபவருக்கு? வரி போடப்படும் வருமானம் 20,904 வெள்ளி. அதற்கு வரி 177 வெள்ளி வரும். ஆனால் வரி போடப்படும் வருமானம் 35,000-க்குள் இருப்பவர்களுக்கு 400 வெள்ளி வரித் தள்ளுபடி ஏற்கெனவே இருப்பதால், அவர் கட்டுவது பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழித்தாலும் பூஜ்யம்தான். ஆக, குழந்தைக் கட்டணம் யாருக்கு ரொம்பக் கனமாக இருக்கிறதோ, அவருக்கு இந்தக் கழிவால் ஒரு காசும் இல்லை. இந்தச் சலுகையைப் பற்றி எனக்கு உள்ள பெரிய குறை இதுதான்.

உங்களுக்குப் பலன் உண்டு என்றால், சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒரே கட்டணத்தை அப்பாவும் அம்மாவும் இரண்டு பேரும் கோர முடியாது. வரிப்படி உயரமாக இருப்பவர் கோரினால் லாபம். இரண்டு பிள்ளை இருந்தால் ஒருவருக்கு 6,000 ஆகிவிடாது, வரம்பு 3,000 தான். ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "பணம் வந்தாச்சு" என்று வந்த மெசேஜ் ரசீது ஆகாது.

அரசாங்க வேலை என்றால்

ஆசிரியர், தாதி, அலுவலக ஊழியர் என்று நீங்களோ உங்கள் துணையோ அரசு ஊழியராக இருந்தால், குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, ஒரு குழந்தைக்கு மாதம் 180 வெள்ளி வரை கட்டண உதவித் தொகை இருக்கிறது. மேலே பார்த்த 5,000 வெள்ளிச் சம்பளக்காரர் ஆண்டு முழுவதற்கும் மிச்சம் பிடித்த தொகையை, இவர்கள் ஒரே மாதத்தில் பெறுகிறார்கள். எந்தத் தாஸ்காக்கள் செல்லுபடியாகும், இப்போதைய வருமான வரம்பு என்ன என்பதை உங்கள் அலுவலகத்தின் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

தனியார் நிறுவனம் என்றால்

முதலாளி தாஸ்கா வைக்க வேண்டும், கட்டணம் கொடுக்க வேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் கொடுப்பவர்களுக்குச் சலுகை உண்டு. தொழிலாளிக்குக் குழந்தைப் பராமரிப்பு அலவன்ஸ் கொடுத்தாலோ, தாஸ்காவுக்கே நேரடியாகக் கட்டினாலோ, ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை அதற்குத் தொழிலாளி வரி கட்டத் தேவையில்லை. 2024 மதிப்பீட்டு ஆண்டுக்கு முன் இது 2,400 ஆக இருந்தது. அலவன்ஸுக்காகவும் காப்பகத்துக்காகவும் செய்த செலவை நிறுவனம் தன் கணக்கில் இரண்டு மடங்காகக் கழித்துக்கொள்ளலாம்.

இது பல மனிதவள அதிகாரிகளுக்கே ஞாபகம் இருக்காது. சம்பள உயர்வு பற்றிப் பேசும் நேரத்தில், "இதுல ஒரு பகுதியைக் குழந்தைப் பராமரிப்பு அலவன்ஸா கொடுக்க முடியுமா? கம்பெனிக்கும் வரியில சலுகை இருக்கு" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொல்லலாம். ஆனால் நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். தொழிற்சங்கம் இருக்கும் இடத்தில் கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் சேர்க்கச் சொல்லலாம்.

ஷிப்ட் பிரச்சினைக்கும் ஒரு சிறிய வழி உண்டு. பெரும்பாலான தாஸ்காக்கள் காலையில் திறந்து மாலையில் மூடுபவை. இரவு ஷிப்டுக்கு அவை உதவாது. வேலைச் சட்டத்தில் 2023-இல் வந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தை, நாளை அல்லது இடத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இருந்தாலும் வாய்ச் சொல்லாகக் கேட்பதற்கும் எழுதிக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. விடுப்பு முடியும் முன்பே, அதாவது அந்த 98 நாளில் முதல் மாதத்திலேயே, எழுதிக் கொடுத்துவிட்டால் 60 நாள் உள்ளேயே அடங்கிவிடும்.

வருமானம் குறைவு என்றால்

தனித்து வாழும் தாய், ஒரே சம்பளம், வேலை இழந்த கணவர் என்ற நிலையில் வரிக் கழிவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நேராக ஜேகேஎம் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். கிளேபாங் மலாக்கா தெங்கா மாவட்டத்தில் வருகிறது. ஜேகேஎம் தரும் குழந்தைகளுக்கான உதவித் தொகை, 2021 பட்ஜெட்டில் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு மாதம் 200 வெள்ளியாகவும், 7 முதல் 18 வயது வரை 150 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. பிறகு வந்த பட்ஜெட்டிலும் ஏறியிருக்கிறது. இது ரொக்கமாகக் குடும்பத்துக்கு வரும் பணம், எனவே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆண்டிக்குக் கொடுத்தாலும் தடையில்லை. அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார். வீட்டில் டிவி இருக்கிறதே, தரமாட்டார்களோ என்று பயந்து பொருளை ஒளித்துவைக்க வேண்டாம். உண்மையான வருமானத்தைச் சொல்லுங்கள்.

குடும்ப வருமானம் 5,000 வெள்ளிக்குள் இருந்தால் ரஹ்மா ரொக்க உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தொகை கூடும். புதுக் குழந்தை பிறந்ததும் விவரத்தைப் புதுப்பிக்க மறந்துவிடுபவர்கள் உண்டு. பழைய எண்ணிக்கைக்குத்தான் பணம் வந்துகொண்டிருக்கும்.

கெமாஸ் நடத்தும் தாஸ்காவும் தபிகாவும் கட்டணத்தில் குறைவு, ஆனால் எல்லா வட்டாரத்திலும் இடம் கிடைக்காது. 5, 6 வயதுக்குத் தமிழ்ப்பள்ளிகளில் இருக்கும் அரசாங்கப் பாலர் வகுப்பைக் கேளுங்கள். அதோடு, இந்தியச் சமூகத்துக்கான மித்ராவும் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளிக் கட்டணத்தில் உதவியிருக்கிறது. அந்தத் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பாலர் பள்ளியின் நிர்வாகியிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. பாலர் வகுப்பு மதியத்துக்குள் முடிந்துவிடும், அதற்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2024 மே முதல் எடுக்க முடியும். ஆனால் அது உங்கள் சொந்தப் பணம், உதவி இல்லை. ஒரு மாதம் தடுமாறினால் சரி, மாதா மாதம் என்றால் சீக்கிரமே காலியாகிவிடும்.

பத்திரம் சரியா?

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் மைகிட்டும் வேண்டும். நம் சமூகத்தில் இந்த இடத்தில் தடுக்கி நிற்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு: திருமணப் பதிவு செய்யாதது, பெற்றோரில் ஒருவருக்கே அடையாள ஆவணம் இல்லாதது. தீபகற்பத்தில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். விடுப்பில் இருக்கும் காலத்திலேயே முடித்துவிடுங்கள். ஆவணச் சிக்கல் இருக்கிறது என்றால் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆண்டியே பதிவு செய்துகொண்டால்?

சிங்கப்பூரில் வேலை செய்யும் தாய்க்கு, குடியுரிமை பெற்ற கைக்குழந்தை இருந்தால், அடிப்படை உதவித் தொகையாக மாதம் 600 சிங்கப்பூர் வெள்ளி வரை கிடைக்கும். அது அரசிடமிருந்து மையத்துக்கே போய், பெற்றோரின் பில்லில் கழிந்துவிடும். அடுத்த ஆண்டு வரிக் கணக்கு வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் அப்படியொரு ஏற்பாடு எல்லாருக்கும் வரும் வரை, கிளேபாங்கில் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நாலு, ஐந்து பிள்ளைகளை ஏற்கெனவே பார்த்துக்கொள்ளும் ஆண்டியிடம் வீட்டுத் தாஸ்காவாகப் பதிவு செய்வது பற்றிப் பேசிப் பாருங்கள்.

அவர் பயப்படுவார். அதிகாரி வருவார், தீயணைப்புத் துறை வரும், ஊராட்சி மன்றம் வரும், கட்டணம் ஏறும், இருக்கும் பிள்ளைகளும் போய்விடும் என்பார். பயத்தில் ஒரு பாதி நியாயம்தான். விண்ணப்பம் மலாய் மொழியில் இருக்கும், வீட்டில் சில மாற்றங்கள் செய்ய வேண்டிவரும், அடிப்படைப் பராமரிப்புப் பயிற்சியான பெர்மாத்தா பயிற்சிக்குப் போக வேண்டும். இருமொழியும் தெரிந்த உங்களுக்கு அந்தப் பாரத்தை நிரப்புவது ஒரு மாலை வேலை. அவருக்கு அது ஒரு மலை. பதிவு கிடைத்தால் அவர் கொடுக்கும் ரசீது உங்கள் வரிக் கணக்கில் செல்லும், உங்கள் கம்பெனி அலவன்ஸ் கொடுக்கச் சம்மதித்தால் அதைக் காட்டவும் உதவும். அவருக்கும் புதிய பெற்றோர் தைரியமாக வருவார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் தாலியான் காசே 15999-க்கு அழைக்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மாவட்ட ஜேகேஎம் அலுவலகத்துக்கு நேரில் போவதாக இருந்தால், இரண்டு பேரின் மைகாட், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை அல்லது கடன் சீட்டு, எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.